ஹீமோகுளோபின் அறிக்கையை வாசிப்பது எப்படி: மரபணுவின் எழுத்திலிருந்து தாளில் உள்ள எண் வரை

திருமணத்துக்கு முன்போ கர்ப்பத்தின் தொடக்கத்திலோ எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனைகளில் எச்.பி.எல்.சி. என்னும் ஹீமோகுளோபின் பகுப்பாய்வும் இப்போது பல இடங்களில் சேர்ந்துவிட்டது. அந்த அறிக்கையில் முகடுகள் கொண்ட ஒரு வரைபடமும், அதன் கீழே ஏ, ஏ2, எஃப் என்ற பெயர்களில் சில விழுக்காடுகளும், கடைசியில் நோயாளியின் மருத்துவ நிலையோடு பொருத்திப் பார்க்கவும் என்ற பொருளில் ஒரு வரியும் இருக்கும். எதை எதனோடு பொருத்துவது என்பதை அந்தத் தாள் சொல்வதில்லை. அந்த வேலையைச் செய்வதற்கான வழிகாட்டி இது. தலசீமியா, அரிவாள் அணுச் சோகை ஆகிய இரண்டு நோய்களையே இது மையமாகக் கொண்டுள்ளது. மரபணுவில் ஓர் எழுத்து மாறுவதற்கும் ஒரு மனிதரின் உடல் நலிவதற்கும் இடையிலுள்ள கண்ணிகள் இவ்வளவு தெளிவாக அறியப்பட்ட நோய்கள் வேறு மிகச் சிலவே. மருத்துவரின் முடிவுக்கு இது மாற்று அன்று. அவர் முன் அமரும்போது சரியான கேள்வியைக் கேட்கவும், அவர் சொல்லும் விடையைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏ2 என்ற ஒற்றை எண் 3.5 விழுக்காட்டுக்கு மேலா கீழா என்று மட்டும் பார்த்து முடிவு கட்டுவதே இந்த அறிக்கைகளைச் சுற்றி எழும் குழப்பங்களில் பெரும்பகுதிக்குக் காரணம். அந்த எண் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பது தெரிந்தவருக்கு அது ஒரு தடயம். தெரியாதவருக்கு அது தீர்ப்பாகிவிடுகிறது.

தாளைப் பார்ப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒவ்வொன்றும் நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது. பெரியவர்களின் இரத்தத்தில் அவற்றில் இரண்டு ஆல்ஃபா சங்கிலிகள், இரண்டு பீட்டா சங்கிலிகள். இந்தச் சேர்க்கைக்கே ஹீமோகுளோபின் ஏ என்று பெயர். ஆல்ஃபா சங்கிலியோடு பீட்டாவுக்குப் பதிலாக டெல்டா சங்கிலி இணைந்தால் ஏ2, காமா சங்கிலி இணைந்தால் எஃப். நலமாக உள்ள ஒரு பெரியவரிடம் ஏ ஏறத்தாழ 96 முதல் 97 விழுக்காடு வரையிலும், ஏ2 ஏறத்தாழ 2 முதல் 3.3 விழுக்காடு வரையிலும், எஃப் 1 விழுக்காட்டுக்குக் குறைவாகவும் இருக்கும். கருவிலுள்ள குழந்தையிடம் நிலைமை நேர்மாறானது: அங்கே எஃப் தான் ஆட்சி செய்கிறது. பிறந்த பின் சில மாதங்களில் காமா மரபணு ஒடுங்கிப் பீட்டா மரபணு தலையெடுக்கிறது. பீட்டா தலசீமியாவும் அரிவாள் அணு நோயும் உள்ள குழந்தைகள் பிறக்கும்போது நலமாகத் தோன்றி, ஆறு மாதத்துக்குப் பின் வெளுக்கத் தொடங்குவதற்கு இந்தக் கைமாற்றமே காரணம்.

ஆல்ஃபா சங்கிலிக்கான மரபணுக்கள் 16-ஆம் குரோமோசோமில் உள்ளன; தாய்வழி இரண்டு, தந்தைவழி இரண்டு என நான்கு பிரதிகள். பீட்டா, டெல்டா, காமா ஆகியவற்றின் மரபணுக்கள் 11-ஆம் குரோமோசோமில் ஒரே கொத்தாக உள்ளன. பீட்டா மரபணுவுக்கு ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகள் மட்டுமே உண்டு. அந்த மரபணுவில் (ஏ, டி, ஜி, சி என்ற டி.என்.ஏ. எழுத்துகளில்) 1,600 எழுத்துகள் அளவே இருந்தாலும், அதில் நிகழக்கூடிய பிழைகள் நூற்றுக்கணக்கில் பதிவாகியுள்ளன. அவை எல்லாவற்றையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. ஒரு மாற்றம் சங்கிலியின் தன்மையைக் கெடுக்கிறதா, அல்லது அதன் அளவைக் குறைக்கிறதா என்று கேட்டால் போதும்.

தன்மை கெடுவதற்கு அரிவாள் அணு நோயே முதன்மையான சான்று. பீட்டா மரபணுவில் ஜி-ஏ-ஜி என்றிருக்க வேண்டிய மூன்றெழுத்து ஜி-டி-ஜி ஆகிவிடுகிறது. அதனால் 146 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து அமர்கிறது. குளுட்டாமிக் அமிலம் எதிர்மின் தன்மை உடையது, நீரோடு ஒட்டுவது. வேலின் நீரை வெறுப்பது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கியவுடன், இந்த வேலின் அடுத்த மூலக்கூறில் உள்ள நீர்வெறுக்கும் குழிக்குள் பொருந்திக்கொள்கிறது. அந்த மூலக்கூறு அதற்கடுத்ததைப் பற்றுகிறது. இப்படி நீண்டு, பதினான்கு இழைகள் முறுக்கிய கயிறுபோன்ற நார்களாகி, சிவப்பணுவை உள்ளிருந்து அரிவாள் வடிவத்துக்கு வளைத்துவிடுகின்றன. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைப்பதால் எலும்பிலும் மார்பிலும் கடும் வலி உண்டாகிறது. 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாள்களில் சிதைவதால் சோகையும் மஞ்சள் காமாலையும் வருகின்றன.

லைனஸ் பாலிங்கும் அவருடைய குழுவினரும் 1949-இல், இந்நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்வதைக் காட்டி, இதை ஒரு மூலக்கூறு நோய் என்று அழைத்தார்கள். அந்த வேறுபாடு ஒரே ஓர் அமினோ அமிலத்தால் விளைவது என்பதை கேம்பிரிட்ஜில் வெர்னான் இன்கிராம் 1956-57 காலத்தில் நிறுவினார். வரலாற்றுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இன்று உங்கள் கையிலுள்ள எச்.பி.எல்.சி. வரைபடமும் அதே மின்னூட்ட வேறுபாட்டைத்தான் பயன்படுத்துகிறது. எதிர்மின்னூட்டம் உள்ள ஒரு குழாய்த்தொகுதி வழியாக இரத்தக் கரைசல் செலுத்தப்படும்போது, ஒவ்வொரு ஹீமோகுளோபினும் தன் மின்னூட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் வெளியேறுகிறது. ஒவ்வொரு முகடும் அப்படி வெளியேறிய ஒரு வகையைக் காட்டுகிறது. ஆகவே இக்கருவி மூலக்கூறின் பெயரை நேரடியாகப் படிப்பதில்லை. அது வெளிவந்த நேரத்தை வைத்துப் பெயரை ஊகிக்கிறது. ஒரே நேரத்தில் வெளிவரும் இரு வகைகளை அது ஒன்றெனக் காட்டிவிடும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

அளவு குறைவதே தலசீமியா. இந்தியாவில் மிகப் பரவலாகக் காணப்படும் பீட்டா தலசீமியா மாற்றம், பீட்டா மரபணுவின் முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் சி வந்திருப்பதாகும். புரதத்துக்குரிய பகுதிகள் எக்ஸான் எனவும், இடையே வெட்டி எறியப்படும் பகுதிகள் இன்ட்ரான் எனவும் அழைக்கப்படுகின்றன. மாறிய எழுத்து புரதத்துக்கான பகுதியிலேயே இல்லை, எனினும் மரபணுவின் படியான ஆர்.என்.ஏ.வை எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் எல்லையில் அது இருக்கிறது. தையற்காரர் சுண்ணக்கட்டியால் இட்ட கோடு அழிந்துபோனால் துணி நன்றாக இருந்தும் சட்டை பாழாவதைப் போல, வெட்டு தவறான இடங்களில் விழுந்து, பெரும்பாலான செய்தி ஆர்.என்.ஏ. பயனற்றுப் போகிறது. உருவாகும் சிறிதளவு பீட்டா சங்கிலி முற்றிலும் இயல்பானதே, குறை அளவில்தான்.

ஆனால் நோயை உண்டாக்குவது பீட்டாவின் பற்றாக்குறையை விட, இணையின்றி மிஞ்சிய ஆல்ஃபாவே. தனித்த ஆல்ஃபா சங்கிலிகள் எலும்பு மஜ்ஜையில் வளரும் இளம் அணுக்களுக்குள் படிந்து அவற்றைக் கொல்கின்றன. அணுக்கள் முதிரும் முன்பே மடிவதால், உடல் மஜ்ஜையை மேலும் மேலும் பெருக்குகிறது. அதனால் முக எலும்புகள் புடைக்கின்றன, மண்ணீரல் வீங்குகிறது. அத்துடன், மஜ்ஜை அனுப்பும் சமிக்ஞையால் இரும்பு உறிஞ்சலைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் தாழ்ந்து, குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சுகிறது. சோகையாக இருக்கும் ஒருவருடைய ஈரலிலும் இதயத்திலும் இரும்பு குவிவது இதனால்தான்; இரத்தம் ஏற்றும் ஒவ்வொரு முறையும் அந்தக் குவியல் கூடுகிறது.

ஹீமோகுளோபின் ஈ இந்த இரண்டு வகைகளிலும் கால் வைத்திருப்பது. அதன் 26-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் லைசினாக மாறுகிறது. அதே எழுத்து மாற்றம் ஒரு பொய்யான வெட்டுக்குறியையும் எழுப்பிவிடுவதால் சங்கிலியின் அளவும் குறைகிறது. வங்காளம், வடகிழக்கு இந்தியா, தென்கிழக்கு ஆசியா, இலங்கை ஆகிய இடங்களில் இது முக்கியமானது.

வாசிக்கும் வரிசை

எச்.பி.எல்.சி. தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் முழு இரத்த அணுப் பரிசோதனையான சி.பி.சி.யை எடுங்கள். அதில் ஹீமோகுளோபின் அளவைக் காட்டிலும் எம்.சி.வி. (ஒரு சிவப்பணுவின் சராசரிப் பருமன்), எம்.சி.எச். (ஓர் அணுவில் உள்ள ஹீமோகுளோபினின் சராசரி எடை), சிவப்பணு எண்ணிக்கை ஆகிய மூன்றும் இங்கே பெரிதும் பேசும். எம்.சி.வி. 80 ஃபெம்டோலிட்டருக்கும் எம்.சி.எச். 27 பிகோகிராமுக்கும் கீழே இருந்தால் அணுக்கள் சிறியவை, வெளிறியவை என்று பொருள். இதற்கு நம் நாட்டில் இரண்டு பெருங்காரணங்கள் உண்டு: இரும்புச்சத்துக் குறைவு, தலசீமியா கேரியர் நிலை (மாறிய மரபணுவைச் சுமந்தும் நோயின்றி இருக்கும் நிலை). இரும்பு போதாத மஜ்ஜை அணுக்களையும் குறைவாகவே செய்யும். தலசீமியா கேரியரின் மஜ்ஜையோ சிறிய அணுக்களை எண்ணிக்கையில் கூட்டி ஈடுசெய்யும். எனவே ஹீமோகுளோபின் 11 இருக்க, எம்.சி.வி. 65 ஆகவும் சிவப்பணு எண்ணிக்கை 55 லட்சத்துக்கு மேலும் இருந்தால் ஐயம் தலசீமியாவின் பக்கம் சாய வேண்டும். எம்.சி.வி.யைப் பத்து லட்சக் கணக்கிலான சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்கும் மென்ட்சர் குறியீடு என்று ஒன்று உண்டு; விடை 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா, மேலே வந்தால் இரும்புக் குறைவு என்பது அதன் கணக்கு. அது ஒரு சுட்டுவிரல் மட்டுமே. இரண்டும் ஒருவரிடமே இருந்தால் அந்தக் கணக்கு உதவாது.

அடுத்து, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எடுக்கச் செய்யுங்கள். கேரியர் நிலையை இரும்புக் குறைவு என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கியவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. அந்த மாத்திரையால் அவர்களுடைய எம்.சி.வி. அசைவதே இல்லை. அதே வேளையில் கேரியர் என்பதற்காக இரும்பு மாத்திரை கூடவே கூடாது என்பதும் சரியன்று. கேரியரான கர்ப்பிணிக்கு உண்மையாகவே இரும்பு குறைந்திருக்கலாம். ஃபெரிட்டின் குறைந்திருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். காய்ச்சல், அழற்சி உள்ள காலத்தில் ஃபெரிட்டின் பொய்யாக உயரும் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இப்போதுதான் எச்.பி.எல்.சி. தாளுக்கு வர வேண்டும். பரிசோதனைக்கு முந்தைய மூன்று நான்கு மாதங்களில் இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால் மேற்கொண்டு வாசிக்கத் தேவையில்லை. அதில் ஒரு பகுதி வேறொருவருடைய ஹீமோகுளோபின். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தாளில் எஃப் உயர்ந்தும் ஏ2 தாழ்ந்தும் இருப்பது இயல்பு. அதை வைத்துக் கேரியர் நிலையை முடிவு செய்யக் கூடாது.

ஏ2 ஏறத்தாழ 4 முதல் 7 விழுக்காடு வரை இருந்து, அணுக்களும் சிறியவையாக இருந்தால் அவர் பீட்டா தலசீமியா கேரியர். பீட்டா சங்கிலி குறைந்ததும், ஆல்ஃபாவோடு இணையும் வாய்ப்பு டெல்டாவுக்குக் கூடுதலாகக் கிடைக்கிறது. ஏ2 உயர்வது அதனால்தான். இந்த நிலை நோய் அன்று. சிறிய சோகையைத் தவிர அவருக்கு ஒன்றும் நேராது, ஆயுள் குறையாது, உழைப்புக்கும் விளையாட்டுக்கும் தடையில்லை. இதைப் புரியவைக்காமல் கேரியர் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடுவதால், குறிப்பாகத் திருமணப் பேச்சு நடக்கும் வீடுகளில், பெண்ணுக்கு நோய் இருக்கிறது என்று அது உருமாறிவிடுகிறது.

ஏ2 மதிப்பு 3.3 முதல் 3.9 வரையிலான எல்லைக்கோட்டில் விழுந்தால்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. இரும்பு மிகவும் குறைந்திருந்தால் ஏ2 தாழ்கிறது. ஆகவே ஒரு கேரியரின் 4.2 கூட 3.4 ஆகத் தோன்றலாம். வைட்டமின் பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்திருந்தால் ஏ2 உயரலாம். அணுக்களும் பெரிதாவதால் கேரியரின் சிறிய எம்.சி.வி. இயல்பான எண்ணாக மாறி ஏமாற்றலாம். டெல்டா மரபணுவிலும் ஒரு பிழை சேர்ந்திருந்தால் ஏ2 உயரவே உயராது. பீட்டா மரபணுவின் சில மாற்றங்கள் மிக மெல்லியவை. அவை எந்த எண்ணையும் பெரிதாக அசைப்பதில்லை. எனவே எல்லைக்கோட்டு எண் வந்தால், குறைபாடுகளைச் சரிசெய்து சில மாதங்களுக்குப் பின் மீண்டும் பார்ப்பது ஒரு வழி. ஆனால் கர்ப்பம் ஏற்கெனவே தொடங்கியிருந்தால் காத்திருக்க நேரமில்லை; அப்போது கணவரை உடனே பரிசோதிப்பதும், தேவைப்பட்டால் நேராக டி.என்.ஏ. பரிசோதனைக்குப் போவதுமே சரியானது.

ஏ2 என்ற பெயருக்கு எதிரே 25, 30 போன்ற எண்ணைக் கண்டால் அது ஏ2 ஆக இருக்க முடியாது. ஹீமோகுளோபின் ஈ வெளிவரும் நேரமும் ஏ2 வெளிவரும் நேரமும் ஒன்றே என்பதால், கருவி இரண்டையும் ஒரே பெயரில் கூட்டிவிட்டது. அத்தகையவர் ஈ கேரியர்.

அரிவாள் அணு ஹீமோகுளோபினைக் குறிக்கும் எஸ் என்ற முகடு 35 முதல் 40 விழுக்காடு வரை இருந்து, ஏ அதைவிட அதிகமாக இருந்தால் அவர் அரிவாள் அணு கேரியர். இரண்டு மரபணுக்களில் ஒன்று எஸ் என்றால் பாதிக்குப் பாதி இருக்க வேண்டாமா என்று கேட்கலாம். ஆல்ஃபா சங்கிலி நேர்மின் தன்மை கொண்டது. ஓர் எதிர்மின்னூட்டத்தை இழந்த எஸ் சங்கிலியைவிட இயல்பான பீட்டாவோடு அது விரைந்து இணைகிறது. ஆல்ஃபா மரபணுக்களே குறைந்தவர்களிடம் போட்டி இன்னும் கடுமையாகி, எஸ் 30-க்கும் கீழே போகிறது. இதற்கு மாறாக, இரத்தம் ஏற்றாத ஒருவரிடம் எஸ் அதிகமாகவும் ஏ குறைவாகவும் இருந்தால் அவர் கேரியர் அல்லர்; ஒரு மரபணுவில் எஸ், மற்றொன்றில் பீட்டா தலசீமியா என்ற கூட்டு நிலையில் உள்ள நோயாளி அவர். எஸ் மிக உயர்ந்து, ஏ அறவே இல்லையென்றால், இரண்டு பிரதிகளும் எஸ் ஆக இருக்கலாம், அல்லது பீட்டா முழுமையாக நின்றுபோன கூட்டு நிலையாக இருக்கலாம். பெற்றோரின் அறிக்கைகளே இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும்.

எல்லா முகடுகளும் இயல்பாக இருந்து, ஃபெரிட்டினும் நன்றாக இருந்து, எம்.சி.வி. மட்டும் தாழ்ந்திருந்தால் ஆல்ஃபா தலசீமியாவை நினைக்க வேண்டும். எச்.பி.எல்.சி.க்கு அது பெரும்பாலும் புலப்படாது. நம் நாட்டில் காணப்படுவது பெரும்பாலும் ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒரு மரபணு மட்டும் விடுபட்ட வகை என்பதால் அதனால் வரும் கேடு குறைவு.

சர்க்கரை நோய்க்காக எடுக்கும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையிலும் இதே வகைக் கருவி பயன்படுவதால், நடுவயதில் முதன்முறையாக வேரியன்ட் (இயல்பிலிருந்து மாறிய ஹீமோகுளோபின் வகை) இருக்கிறது என்ற குறிப்பைக் காண்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அந்த வயதில் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள் திருமண வயதில் இருப்பார்கள்.

இருவரின் தாளையும் ஒன்றாக வைத்தல்

ஒருவரின் அறிக்கை தனியாக எந்த முடிவையும் தருவதில்லை. இருவருக்கும் பீட்டா மரபணுவில் மாற்றம் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தை நோயோடு பிறக்க 25 விழுக்காடு, கேரியராகப் பிறக்க 50 விழுக்காடு, எந்த மாற்றமும் இன்றிப் பிறக்க 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்கிடுவது பெருந்தவறு. ஒவ்வொரு கருவும் புதிதாகச் சீட்டு எடுக்கிறது.

எந்த மாற்றம் எதனோடு சேர்கிறது என்பது முக்கியம். பீட்டா தலசீமியாவோடு பீட்டா தலசீமியா சேர்ந்தால், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா மேஜர். எஸ் உடன் எஸ், எஸ் உடன் பீட்டா தலசீமியா, எஸ் உடன் டி பஞ்சாப் (பீட்டா சங்கிலியின் மற்றொரு மாறிய வகை) ஆகிய சேர்க்கைகள் அரிவாள் அணு நோயைத் தரும். ஈ உடன் பீட்டா தலசீமியா சேர்ந்தால் நோயின் கடுமை ஆளுக்கு ஆள் பெரிதும் மாறும். இலங்கையில் குருணாகலில் உள்ள தேசிய தலசீமியா மையத்துக்கு வரும் நோயாளிகளில் இவ்வகையினர் கணிசமானவர்கள். ஈ உடன் ஈ சேர்ந்தால் இலேசான சோகைக்கு மேல் ஒன்றுமில்லை. ஒருவருக்கு ஆல்ஃபா, மற்றவருக்குப் பீட்டா என்றால் குழந்தைக்கு மேஜர் வராது. ஆகவே இருவருமே கேரியர் என்ற சொல்லைக் கேட்டவுடன் பதறாமல், எந்த மரபணுவின் கேரியர் என்று கேட்க வேண்டும்.

உறவுத் திருமணம் வழக்கத்தில் உள்ள தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு இன்னொரு வடிவம் கொள்கிறது. தாய்மாமன் கேரியர் என்றால் அக்காள் மகளுக்கும் அதே மாற்றம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் இடையே அது எட்டில் ஒன்று. இந்திய மக்களில் பீட்டா தலசீமியா கேரியர்கள் பொதுவாக 3 முதல் 4 விழுக்காடு என்று கணிக்கப்படுவதால், உறவுக்கு வெளியே அந்த வாய்ப்பு ஏறத்தாழ முப்பதில் ஒன்று. உறவுத் திருமணம் புதிதாக நோயை உண்டாக்குவதில்லை. குடும்பத்தில் மறைந்திருக்கும் ஒரே மாற்றம் இரு பக்கமிருந்தும் சந்திக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது, அவ்வளவே. பரிசோதனை செய்துகொண்டால் அந்த ஐயத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடலாம்.

ஆலோசனைக்குப் போகும் முன் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் ஒன்றை வீட்டிலேயே வரைந்துகொள்ளுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயாளிக்கு முழுதும் நிரப்பிய வடிவம், கேரியருக்குப் பாதி நிரப்பிய வடிவம், உறவுத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு என்பது உலகெங்கும் வழங்கும் முறை. குழந்தைப் பருவத்தில் இறந்தவர்களையும் கருச்சிதைவுகளையும் விட்டுவிடக் கூடாது. சிறுவயதிலேயே காமாலையில் போய்விட்டான், இரத்தம் ஊறவே இல்லை என்று பாட்டி சொல்லும் செய்திகள் இந்த வரைபடத்தில் பல நேரம் முதன்மைச் சான்றாகின்றன.

சமூகப் பின்னணியையும் குறிக்க வேண்டும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் எஸ் மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இலேயே பதிவு செய்தார்கள். மலேரியா நிறைந்த நிலங்களில் எஸ் கேரியர்கள் கடும் மலேரியாவிலிருந்து தப்பியதால் அந்த மரபணு தலைமுறைகளாக நிலைத்தது என்பதை அந்தோணி அலிசன் 1954-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் காட்டினார். ஆகவே அது ஒரு குலத்தின் குறையன்று. அந்த நிலத்தின் கொசு எழுதிய கணக்கு. மத்திய அரசு 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கம், பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயது வரையுள்ளோரைப் பரிசோதித்து, அவரவர் நிலையைக் காட்டும் அட்டை வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. அங்கே முதலில் செய்யப்படும் கரைதிறன் சோதனை எஸ் இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். கேரியரா நோயாளியா என்பதை எச்.பி.எல்.சி. போன்ற அடுத்த சோதனையே பிரிக்கும். அந்த முதல் சோதனை பீட்டா தலசீமியாவையும் காட்டாது.

டி.என்.ஏ. அறிக்கை

இருவரும் கேரியர்கள் என்று உறுதியானால் அடுத்து வருவது இது. எச்.பி.பி. என்பது பீட்டா மரபணுவின் பெயர். அதன் பின்னே சி.92+5 ஜி>சி என்று இருந்தால், புரதத்துக்குரிய 92-ஆம் எழுத்தோடு முதல் எக்ஸான் முடிந்து, அதற்கப்பால் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்தில் ஜி சி ஆகியுள்ளது என்று பொருள். மேலே சொன்ன பரவலான மாற்றம் இதுவே. சி.20 ஏ>டி என்பது அரிவாள் அணு மாற்றம். இதைச் சில அறிக்கைகள் ஏழாவது அமினோ அமிலம் என்று குறிக்கும். சங்கிலியின் தொடக்கத்தில் இருந்து பின் வெட்டப்படும் மெத்தியோனினையும் புதிய முறை எண்ணுவதால் ஆறு ஏழாகிறது, இரண்டும் ஒன்றே.

ஹெட்டரோசைகஸ் என்றால் ஒரு பிரதியில் மட்டும் மாற்றம்; ஹோமோசைகஸ் என்றால் இரண்டிலும் ஒரே மாற்றம்; காம்பவுண்ட் ஹெட்டரோசைகஸ் என்றால் இரண்டிலும் வெவ்வேறு மாற்றங்கள். அதற்குப் பக்கத்தில் நோய் விளைவிப்பது, பெரும்பாலும் விளைவிப்பது, பொருள் உறுதியாகாதது, பெரும்பாலும் தீங்கற்றது, தீங்கற்றது என்ற ஐந்து தரங்களில் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். மூன்றாவது தரத்தை, அதாவது வி.யு.எஸ். என்பதை, நோய் என்று வாசித்து முடிவெடுக்கக் கூடாது. கர்ப்பம் பற்றிய முடிவை அதன்மேல் கட்டவே கூடாது. மாற்றம் எதுவும் கண்டறியப்படவில்லை என்று வந்தால், எந்தெந்த மாற்றங்களைத் தேடினார்கள் என்று பாருங்கள். பரவலான சில மாற்றங்களை மட்டும் தேடும் சோதனை, அரிதானதையும் நீளமான துண்டு விடுபட்டதையும் தவறவிடக்கூடும்.

ஒரே மரபணு மாற்றம் உள்ள இரு குழந்தைகளில் ஒருவர் மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ள, மற்றவர் எப்போதாவது மட்டும் ஏற்றிக்கொள்வது ஏன் என்று பெற்றோர் கேட்பதுண்டு. பீட்டா மரபணுவுக்கு வெளியே இருக்கும் இரண்டு காரணிகள் இதில் வலிமையானவை. முதலாவது, ஆல்ஃபா மரபணுக்களின் எண்ணிக்கை: தலசீமியாவில் தீங்கு செய்வது மிஞ்சிய ஆல்ஃபா என்பதால், ஆல்ஃபாவும் குறைந்த குழந்தைக்கு நோய் தணிகிறது, ஒரு பிழை இன்னொரு பிழையைச் சமன் செய்துவிடுகிறது. இரண்டாவது, எஃப் எவ்வளவு தங்குகிறது என்பது: காமா சங்கிலி ஆல்ஃபாவுக்கு மாற்று இணையாகிறது, அரிவாள் அணு நோயிலோ நார் நீள்வதையே தடுக்கிறது. ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை பயன் தரும் முதன்மையான வழி எஃப் அளவை உயர்த்துவதே. காமாவை ஒடுக்கும் பி.சி.எல்.11.ஏ என்ற மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை, நோயாளியின் சொந்த மஜ்ஜை அணுக்களில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையால் துண்டித்து, எஃப் மீண்டும் சுரக்கச் செய்யும் காஸ்கெவி சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் அடுத்த மாதம் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. கெட்டுப்போன பீட்டா மரபணுவை அது தொடுவதே இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அதன் விலை நம் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. பொருத்தமான உடன்பிறப்பிடமிருந்து செய்யப்படும் மஜ்ஜை மாற்றே இப்போதைக்கு நடைமுறையில் உள்ள குணப்படுத்தும் வழி.

காலக்கெடு

கருவிலுள்ள குழந்தையைப் பரிசோதிப்பதென்றால், நச்சுக்கொடித் திசுவை 11 முதல் 14 வாரங்களுக்குள்ளும், பனிக்குட நீரை 15 அல்லது 16 வாரங்களுக்குப் பின்பும் எடுக்கிறார்கள். இரண்டுக்குமே பெற்றோர் இருவரின் மாற்றமும் முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கண்டறியவே வாரங்கள் ஆகலாம். எனவே கர்ப்பம் உறுதியான முதல் சந்திப்பிலேயே மனைவிக்கு இப்பரிசோதனையைச் செய்து, அவர் கேரியர் என்றால் அதே வாரத்தில் கணவரையும் பரிசோதிக்க வேண்டும். பாலினம் அறிவதைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், ஹீமோகுளோபின் நோய்களுக்கான கருப் பரிசோதனையைப் பதிவுபெற்ற மையங்களில் அனுமதிக்கிறது. முடிவு எதுவாயினும் அடுத்து என்ன செய்வது என்பது அந்தத் தம்பதியர் எடுக்க வேண்டிய முடிவு. ஆலோசகர் தகவல் தரலாமே தவிர வழி நடத்தக் கூடாது.

ஒருவர் கேரியர் என்று தெரிந்தவுடன் உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்ற வரிசையில் பரிசோதனையை விரிவாக்க வேண்டும். திருமணமாகாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முன்னுரிமை தரலாம். கேரியரின் நிலை வாழ்நாளில் மாறாது என்பதால், தெளிவாக உறுதியான அறிக்கை ஒன்று இருந்தால் மீண்டும் எடுக்க வேண்டியதில்லை. அதன் நகலைப் பாதுகாத்து வையுங்கள். சோகை இருக்கிறது என்று யாரேனும் இரும்பு மாத்திரை எழுதும்போது, ஃபெரிட்டின் முடிவோடு அதையும் சேர்த்துக் காட்டுங்கள்.